ரீசைஸ் செய்த ரைபிள் உறை சேம்பரில் இறுகினால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு விரிந்த தோட்டாவின் பித்தளை உறையை மறுபடி பயன்படுத்த, உரிய அளவுக்கு நெருக்குவதே ரீசைஸ். உறைக்கு மசகு தடவி, நெம்புகோல் கருவியான பிரஸ்ஸில் ஏற்றி, அதை நெருக்கும் அச்சான டைக்குள் முழுவதுமாகச் செலுத்தி எடுத்த பிறகும், துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் வைத்து, அதன் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டை மூடினால் கைப்பிடி கடைசி நேரத்தில் இறுகி நிற்கிறது. ரைபிள் தோட்டாக்களை உரிய உரிமத்தோடு வீட்டில் ரீலோட் செய்பவர்களில், அதாவது சுட்ட உறையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றுபவர்களில், இதைச் சந்திக்காதவர்கள் அரிது. உடனே கை டையின் மேல் போகிறது. இன்னும் கால் சுற்று இறக்கிப் பார்ப்போம் என்று தோன்றுகிறது. மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய் அந்தக் கால் சுற்றுதான் என்பது என் கருத்து. உறை எந்த இடத்தில் முட்டுகிறது என்பது தெரியாமலேயே, உடலுக்கும் கழுத்துக்கும் இடையே சரியும் அதன் தோளை நாம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறோம்.

கால் சுற்று என்பது சிறிய அளவும் அல்ல. வழக்கமான டைகளின் மரையில் அங்குலத்துக்கு 14 புரிகள் உள்ளன; ஒரு முழுச் சுற்றில் டை ஏறத்தாழ 0.071 அங்குலமும், கால் சுற்றில் 0.018 அங்குலமும் இறங்கும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு, சுட்ட உறையின் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் வரையும், தானியங்கி முறையில் ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் வரையும் பின்னுக்குத் தள்ளினால் பொதுவாகப் போதும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நகர்த்த டையை ஏறத்தாழ 5 பாகை திருப்ப வேண்டும். டையின் மேல் ஒரு கோடும் பிரஸ்ஸின் மேல் ஒரு கோடும் போட்டுக்கொண்டு, அந்தக் கோடுகள் விலகும் தூரத்தைப் பார்த்துத் திருப்புவதே சரியான பழக்கம்.

டையை இறக்குவதுதான் சரியான தீர்வு என்று சொல்லத்தக்க இடம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ளாததால் பலர் குழம்பிப்போகிறார்கள். உறை டைக்குள் நுழையும்போது முதலில் அதன் உடல்தான் நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட பித்தளை வேறு வழியின்றி மேல்நோக்கிப் போவதால் தோள் முன்னால் நகர்கிறது. டையின் தோள் பகுதி உறையின் தோளைத் தொட்ட பிறகுதான் அது திரும்பப் பின்னுக்குத் தள்ளப்படும். எடுத்துக்காட்டாக, சுட்ட உறை, அடியிலிருந்து தோள் வரை அளக்கும் கம்பாரேட்டரில் 1.628 அங்குலம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டை போதிய அளவு இறங்காமல் பாதியில் நின்றிருந்தால், அதே உறை ரீசைஸ் செய்த பிறகு 1.632 காட்டலாம். சுட்டபோது தாராளமாகப் போய்வந்த உறை, ரீசைஸ் செய்த பிறகு இறுகுவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். அப்போது டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, 1.627 அல்லது 1.626 வரும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே பிரஸ்ஸும் நம்மை ஏமாற்றும். உறை இல்லாதபோது டையும், உறையின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரும் நன்றாக முட்டிக்கொண்டிருந்தாலும், உறையை ஏற்றி அழுத்தும்போது சட்டம் சற்றே நெளிகிறது. நெம்புகோல் முழுவதும் இறங்கிய நிலையில் குனிந்து பார்த்தால், இரண்டுக்கும் இடையே காகிதம் நுழையும் அளவுக்கு வெளிச்சக் கீற்று தெரியும். அந்தக் கீற்றைப் பார்க்காமல் டை சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது என்று நம்பிவிடுவது மிகப் பரவலான தவறு.

எங்கே முட்டுகிறது என்பதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பிரைமரும் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் குண்டும் இல்லாத வெற்று உறை ஒன்றை மார்க்கர் பேனாவால் முழுவதும் கறுப்பாக்கி, சேம்பரில் வைத்து, போல்ட்டை ஒருமுறை மூடித் திறந்து, வெளியே எடுத்து வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். தோளைச் சுற்றி மை அழிந்து பித்தளை மின்னினால் தோளைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. உறையை வெளியே இழுக்கும் கொக்கி பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்குச் சற்று மேலே, உடலின் கனமான பகுதியில் வளையமாக மை அழிந்திருந்தால் பழுது தோளில் இல்லை. டை எட்டாத இடத்தில் உறை உப்பியிருக்கிறது. டையை எவ்வளவு இறக்கினாலும் இது தீராது. தோள்தான் வீணாகப் பின்னுக்குப் போகும். இதற்கு, அடிப்பகுதியைக் கூடுதலாக நெருக்கும் ஸ்மால் பேஸ் டை உதவலாம். பலமுறை அதிக அழுத்தத்தில் சுட்ட உறையானால் தூக்கிப் போடுவதே மேல். இந்தச் சோதனையைச் செய்வதற்கு முன் போல்ட்டிலிருந்து, பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னையும் உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டால், அவற்றின் ஸ்பிரிங் இழுப்பு கலக்காமல் உறையின் இறுக்கம் மட்டும் விரலில் தெரியும். மருந்தேற்றிய தோட்டாவை வீட்டுக்குள் சேம்பரில் வைத்துப் பார்க்கும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

அளப்பதிலும் தவறு நேர்கிறது. சுட்ட பிரைமர் சற்று வெளியே துருத்திக்கொண்டிருக்கலாம். உறையின் அடியில் எஜெக்டர் பதித்த சிறு பிசிறு இருக்கலாம். இரண்டில் எது இருந்தாலும் அளவுக் கருவியான கேலிப்பர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே பிரைமரைத் தட்டியெடுத்து, அடியைத் துடைத்து, ஒரே உறையை நம்பாமல் ஐந்தாறு உறைகளை அளக்க வேண்டும். ஒரே டை அமைப்பில் அளவுகள் உறைக்கு உறை தாறுமாறாக மாறினால், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் டையின் உருண்டையான எக்ஸ்பாண்டர் உலர்ந்து உராய்ந்து, வெளியே வரும்போது தோளையும் சேர்த்து இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தின் உட்புறத்தில் சிறிது மசகு தடவினாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொரு காரணம் பித்தளை கடினமாகிப்போவது. சுடச்சுட, நெருக்க நெருக்க அது கடினமாகி, டையை விட்டதும் முன்னைவிட அதிகமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஐந்து முறைக்கு முன் சரியாக இருந்த டை அமைப்பு இன்று போதாமல் போவது இதனால்தான். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்கலாம். உறையின் அடிப்பகுதியில் சூடு ஏற விடவே கூடாது, ஏனெனில் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கடினம்தான்.

மசகு குறைந்தால் உறை டைக்குள் சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் தோளில் வழவழப்பான பள்ளம் விழும். டையின் காற்றுத் துளையும் அடைபட்டிருந்தால் அது இன்னும் மோசமாகும்.

நீளத்தை மறப்பது இதைவிடக் கடுமையான தவறு. ரீசைஸ் செய்யும்போது உறை நீள்கிறது. எனவே நீளத்தை அளப்பதும் வெட்டுவதும் அதற்குப் பிறகுதான் நடக்க வேண்டும். .308 வின்செஸ்டருக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டும் நீளம் 2.005 அங்குலம்; .223 ரெமிங்டனுக்கு அவை முறையே 1.760, 1.750 அங்குலம். உச்சத்தைத் தாண்டிய உறையின் வாய், சேம்பரின் முன்விளிம்பில் முட்டிக் குண்டை நெரிக்கும். சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறும். மார்க்கர் சோதனையில் வாயின் விளிம்பில் மட்டும் மை அழிந்திருந்தால், டையைத் தொடாமல் முதலில் கேலிப்பரை எடுங்கள்.

வேறு துப்பாக்கிகளில் சுட்டுப் பொறுக்கிய உறைகளைத் தம் உறைகளோடு கலப்பவர்கள், அவை வேறு சேம்பரின் அளவில் விரிந்தவை என்பதை நினைவில் வைத்து, தனிப் பெட்டியில் ஒதுக்கித் தனியாக அளக்க வேண்டும்.

தொடக்க காலத்தில் நானும் அந்தக் கால் சுற்றைத் திருப்பியவன்தான். போல்ட் வெண்ணெயாக மூடியது, மகிழ்ந்தேன். நான்காம் முறை சுட்ட பிறகு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உறையைச் சுற்றி மெல்லிய பளபளப்பான கோடு ஒன்று தெரிந்தது. தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிய தோள் ஒவ்வொரு முறையும் முன்னால் பாய்ந்ததில், அந்த இடத்துப் பித்தளை இழுபட்டு மெலிந்திருந்தது. மெல்லிய கம்பியின் நுனியைச் சற்றே வளைத்து, உறைக்குள் விட்டுச் சுவரோடு சேர்த்து மேல்நோக்கி இழுத்தால், மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கும். ஒன்றில் தடுத்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த முறை சுடும்போது உறை இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு போல்ட் வழியே முகத்தை நோக்கி வரலாம். அன்று நான் ஒதுக்கிய உறைகளின் வாயைக் குறட்டால் நசுக்கி, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்த பிறகே குப்பையில் போட்டேன்.