துத்தநாகம் தேயவில்லை என்று மகிழாதீர்கள்

படகைக் கரையேற்றிப் பார்க்கும்போது, பல மாதங்களுக்கு முன் பூட்டிய துத்தநாகக் கட்டி புதிதுபோலவே இருந்தால் பலருக்கும் மனம் குளிர்ந்துவிடுகிறது. எனக்கோ கவலை அங்கேதான் தொடங்கும். படகின் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகக் கடல்நீரில் தான் கரைந்து தேய்வதுதான் அந்தக் கட்டியின் வேலை. அது தேயவில்லை என்றால் புரொப்பல்லரோ அதைச் சுழற்றும் தண்டோ அதற்குப் பதிலாகத் தேய்ந்துகொண்டிருக்கலாம்.

கடல்நீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டோ கம்பியால் இணைந்தோ இருந்தால் அது ஒரு பேட்டரி. ஒன்று கரைகிறது, மற்றது தப்புகிறது. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு வேய்ந்தது. 1763-இல் சோதித்தபோது, செப்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப்போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த காகிதம் இடையில் சிக்கிக்கொண்ட இடங்களிலோ ஆணிகள் பிழைத்திருந்தன. அலுமினியக் கம்பத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகைப் பூட்டும்போது நடுவே நைலான் வாஷரும் காப்புப் பசையும் வைக்கச் சொல்வது இதனால்தான்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, பெயிண்டின் மேலேயே துத்தநாகத்தைப் பூட்டுவது. பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், மின்தொடர்பு இருக்காது. பூட்டும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கட்டியிலும் மறுமுனையைத் தண்டிலும் வைத்து மின்தடையைப் பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். அடிப்பகுதிக்கு வண்ணம் பூசும் உற்சாகத்தில் கட்டிக்கும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். பூசிய கட்டி வெறும் சுமைதான். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். முழுதாகக் கரையும் வரை காத்திருக்காதீர்கள்.

மெக்னீசியக் கட்டி நன்னீருக்கானது. கடலில் அது மிக வேகமாகக் கரைந்து தீர்ந்துவிடும். அலுமினிய உடலுள்ள படகுக்குச் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டும் ஆகாது.

துத்தநாகம் சில வாரங்களிலேயே காணாமல் போகிறது என்றால், இன்னும் பெரிய கட்டியாகப் பூட்டுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போடுவதுதான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உலோகத்தின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு அளவுமுனையை மல்டிமீட்டரின் ஒரு முனையில் இணைத்துப் படகருகே தண்ணீரில் தொங்கவிட்டு, மறுமுனையால் தண்டைத் தொடுங்கள். அளவைக் குறித்துக்கொண்டு கரை மின்சாரக் கம்பியைக் கழற்றுங்கள். எண் நகர்ந்தால், எர்த் கம்பி வழியே பக்கத்துப் படகுகளின் உலோகங்களும் உங்கள் பேட்டரியில் சேர்ந்திருக்கக்கூடும். அதற்காக எர்த் கம்பியைத் துண்டித்துவிடாதீர்கள். படகில் மின்கசிவு வந்தால் அது உயிரையே வாங்கும். எர்த் கம்பியில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சாதனத்தைப் பொருத்தினால் அரிப்புக்குக் காரணமான சிறிய மின்னோட்டம் மட்டும் தடைபடும். பாதுகாப்பு அப்படியே இருக்கும்.

கரைக் கம்பியைக் கழற்றியும் எண் அசையவில்லையா? அப்படியானால் படகுக்குள்ளேயே தேடுங்கள். பேட்டரி இணைப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அடித்தேக்கத் தண்ணீரில் கிடக்கும் பம்பின் கம்பி இணைப்பு அடிக்கடி அகப்படும் குற்றவாளி. இப்படிக் கசியும் மின்சாரத்தால் வரும் அரிப்பு, இரு உலோகங்கள் சேர்வதால் வரும் சாதாரண கால்வானிக் அரிப்பைவிடப் பன்மடங்கு வேகமானது.

பாதுகாப்பு கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று கட்டிகளை அள்ளிப் பூட்டுவதும் தவறு. மரப்படகில் அதிகப் பாதுகாப்பு உலோகத்தைச் சுற்றிக் காரத்தை உண்டாக்கி மரத்தை மெல்ல மெல்லக் கூழாக்கிவிடும்.

கடைசியாக, கரையேற்றும் ஒவ்வொரு முறையும் அடித்தளத்து வால்வுகளைக் கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். மஞ்சள் உலோகம் தெரிந்தால் சரி. செம்பு போன்ற இளஞ்சிவப்பு தெரிந்தால், பித்தளையிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய் உள்ளே பஞ்சுபோன்ற செம்புதான் மிஞ்சியிருக்கிறது. ஒரு தட்டில் உடைந்து கடல் உள்ளே வரலாம். அந்த வால்வை மாற்றிய பிறகே படகைத் தண்ணீரில் இறக்குங்கள்.