கிட்டார் வாசிக்கிறப்போ விரல் வலிக்குதா? இந்தத் தப்பெல்லாம் பண்றீங்களான்னு பாருங்க

கிட்டார் புதுசா புடிச்சவங்க எல்லாரும் முதல்ல சொல்றது விரல் வலிக்குதுன்னுதான், அதுக்கு எல்லார்கிட்டயும் ஒரு பதிலும் ரெடியா இருக்கும், "அப்படித்தான் வலிக்கும், போகப்போக பழகிரும்". இது பாதிதான் உண்மை. விரல் நுனித் தோல் எரியுறது, ஸ்ட்ரிங் தடம் பதிஞ்சு கொஞ்ச நேரம் நிக்கிறது இதெல்லாம் பழகிரும், தொடர்ந்து வாசிச்சா சில வாரத்துலயே நுனி காய்ச்சுப் போயி எரிச்சல் குறைஞ்சிரும். ஆனா கட்டைவிரல் அடியில வலி, மணிக்கட்டுல வலி, முன்கை கல்லு மாதிரி இறுகிப்போறது, இதெல்லாம் பழகுற வலி கிடையாதுங்க, கை தேவைக்கு மேல பலத்தைப் போடுதுன்னு அர்த்தம். இதையும் பல்லைக் கடிச்சுட்டு தாண்டிரலாம்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு.

சரி, எவ்வளவு பலம்தான் தேவை? நீங்களே செஞ்சு பாருங்க. ஏதாவது ஒரு ஸ்ட்ரிங் மேல விரலை சும்மா வைங்க, அழுத்தவே வேணாம், இன்னொரு கையால அந்த ஸ்ட்ரிங்கை தட்டிக்கிட்டே இருங்க, டொக்கு டொக்குனு செத்த சத்தம் வரும். இப்ப கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க, முதல்ல ஜிர்ர்னு கேக்கும், அதுக்கப்புறம் ஒரு இடத்துல சுத்தமா நோட் வந்துரும். அங்கயே நிறுத்துங்க. அவ்வளவுதான் தேவை, அதுக்கு மேல எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் நல்லா வரப்போறதில்ல, இன்னும் சொல்லப்போனா ரொம்ப அழுத்தினா ஸ்ட்ரிங் இழுபட்டு சுருதி மேல ஏறிரும், சுருதி காட்டுற ட்யூனரை ஆன் பண்ணி வச்சு பாத்தா முள்ளு நகர்றது கண்ணுக்கே தெரியும். தினமும் வாசிக்க உக்காந்ததும் ரெண்டு நிமிஷம் இதைச் செய்யுங்க, இதைவிட நல்ல பயிற்சி இருக்குறதா எனக்குத் தோணல.

இந்த டெஸ்ட்ல விரலை எங்க வைக்கிறீங்கங்கிறது முக்கியம். ரெண்டு ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்துல, அதாவது நெக்குல, குறுக்க பதிச்சிருக்கிற கம்பிதான் ஃப்ரெட்) நடுவுல வச்சா நிறைய அழுத்தணும், அதே விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, கிட்டாரோட தலைப்பக்கமா வச்சா பாதி பலத்துலயே நோட் வந்துரும். ஏ கார்டு (கார்டுன்னா சில ஸ்வரத்தைச் சேத்து ஒண்ணா வாசிக்கிறது) மாதிரி மூணு விரல் ஒரே ஃப்ரெட் கட்டத்துல நெருக்கிக்கிட்டு நிக்கிற இடத்துல எல்லாத்தையும் ஒட்டி வைக்க முடியாது, பரவால்ல, முடிஞ்ச வரைக்கும் வைங்க.

அடுத்தது கட்டைவிரல். நிறைய பேரு நெக்கை கட்டைவிரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல வச்சு நசுக்குறாங்க, அதுனாலதான் கட்டைவிரல் அடியில அப்படி வலிக்குது. ஒரு தடவை கட்டைவிரலை நெக்குல இருந்து எடுத்துட்டு ஒரு ஈஸியான கார்டு வாசிச்சுப் பாருங்க, வலது கை கிட்டார் பாடி மேல படிஞ்சு இருக்கட்டும், இடது கையை முழங்கையில இருந்து லேசா பின்னாடி இழுங்க. நோட் வருதுல்ல? அப்போ கட்டைவிரல் அங்க ஒரு தாங்கலுக்கு இருந்தாப் போதும். இன்னொன்னு, நெக்கைத் தூக்கிப் புடிக்கிற வேலையை இடது கைக்குக் குடுக்காதீங்க. உக்காந்து வாசிச்சாலும் ஸ்ட்ராப் போடுங்க, இடது கையை எடுத்தாலும் கிட்டார் அப்படியே நிக்கணும்.

மணிக்கட்டை ரொம்ப வளைச்சு வைக்கிறதும் இதோட சேர்ந்ததுதான். விரலை மடக்குற பெரிய தசைங்க முன்கையில இருக்கு, அதோட தசைநார் மணிக்கட்டு வழியாத்தான் விரலுக்குப் போகுது. மணிக்கட்டை நல்லா உள்பக்கமா மடக்கிட்டு முஷ்டியை இறுக்கப் பாருங்க, சரியா இறுக்கவே வராது. அந்த நிலைமையில கார்டு புடிச்சா எப்படி வலிக்காம இருக்கும்? கிட்டாரை மடியில படுக்கப்போட்டு விரலை எட்டிப் பாத்துக்கிட்டே வாசிக்கிறவங்களுக்கு இது கண்டிப்பா வரும், நெக்கை கொஞ்சம் மேல தூக்கி வச்சாலே மணிக்கட்டு நேராயிரும்.

எஃப் கார்டுக்கு வருவோம், நிறைய பேரு கிட்டாரை மூலையில வச்சுட்டுப் போறதே இங்கதான். ஆள்காட்டி விரலால ஆறு ஸ்ட்ரிங்கையும் சமமா அழுத்தணும்னு யாரோ சொல்லிட்டாங்க, அது தேவையே இல்ல. 3, 4, 5ஆவது ஸ்ட்ரிங்கை (மெல்லிசானது 1, தடியானது 6) மத்த விரல்ங்கதான் அழுத்துது, ஆள்காட்டி விரலுக்கு மிச்சம் இருக்குறது 1, 2, 6 மட்டும். விரலை லேசா கட்டைவிரல் பக்கமா உருட்டி, எலும்பு இருக்குற ஓரம் ஸ்ட்ரிங்ல படுற மாதிரி வைங்க, சதை இருக்குற இடத்துல ஸ்ட்ரிங் புதைஞ்சுரும். முதல்ல 5ஆவது ஃப்ரெட்ல அதே ஷேப்பை புடிச்சுப் பழகிட்டு அப்புறமா 1ஆவது ஃப்ரெட்டுக்கு இறங்கி வாங்க, நட்டுக்குப் (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்காந்திருக்கிற சின்னக் கட்டை) பக்கத்துல எப்பவுமே இறுக்கம் ஜாஸ்தி.

இவ்வளவும் பண்ணியும் வலின்னா கிட்டாரைப் பாருங்க, தப்பு உங்க மேல இல்லாமக்கூட இருக்கலாம். ஒரு ஸ்ட்ரிங்கை 3ஆவது ஃப்ரெட்ல அழுத்திட்டு, 1ஆவது ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க, ஒரு பேப்பர் கனத்துக்குத்தான் இருக்கணும், நல்லா தெரியுற அளவுக்கு இருந்தா நட் உயரம் அதிகம். 12ஆவது ஃப்ரெட்ல ஆறாவது ஸ்ட்ரிங் அக்கூஸ்டிக்ல (கரண்ட் இல்லாத சாதா கிட்டார்) ஃப்ரெட் கம்பிக்கு மேல சுமார் 2.5 மில்லிமீட்டர் உயரத்துல இருந்தா வசதியாதான் இருக்கும், 4 மில்லிமீட்டர்னா கடையில செட்டப் பண்ண, அதாவது ஸ்ட்ரிங் உயரத்தைச் சரிபண்ணக் குடுங்க. 12 கேஜ் (கேஜ்னா ஸ்ட்ரிங்கோட தடிமன்) செட் போட்டிருந்தா மெல்லிசான 10க்கு மாறலாம், இல்லன்னா அரை ஸ்வரம் கீழ ட்யூன் பண்ணிட்டு 1ஆவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் சேத்து அழுத்துற கிளிப்) போடுங்க, சுருதி அதேதான், கைக்கு மட்டும் லேசாயிரும்.

பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டுற சின்னத் தகடு) புடிக்கிற கையையும் மறந்துராதீங்க, வேகமா ஸ்ட்ரம் பண்றப்போ, அதாவது எல்லா ஸ்ட்ரிங்கையும் சேத்து மீட்டுறப்போ தோள்பட்டை காதுகிட்ட ஏறுதான்னு கவனிங்க, ஏறுச்சுன்னா இடது கையும் கூடவே இறுகியிருக்கும், மூச்சைக்கூட புடிச்சு வச்சிருப்பீங்க. ஒரேயடியா ஒரு மணி நேரம் உக்காராம 10, 15 நிமிஷமா பிரிச்சு வாசிங்க. குளிச்ச உடனே வாசிக்காதீங்க, ஊறின தோல் சீக்கிரம் உரிஞ்சிரும்.

விரல் மரத்துப்போறது, சுருசுருன்னு குத்துறது, வாசிச்சு முடிச்சு மறுநாளும் மணிக்கட்டு வலி இருக்குறது, ராத்திரி தூக்கத்துல கை மரத்து முழிப்பு வர்றது, இதுல எது இருந்தாலும் கிட்டாரை கீழ வச்சுட்டு டாக்டரைப் பாருங்க. நரம்பு அழுந்துற பிரச்சனையா இருந்தா சீக்கிரம் பாத்தா ஓய்வு, மணிக்கட்டுக்கு ஸ்ப்ளிண்ட் இந்த மாதிரி சின்ன வைத்தியத்துலயே சரியாக வாய்ப்பு அதிகம்.