ஃப்ரீமேசன் லாட்ஜ் பற்றிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

நான் ஃப்ரீமேசன், அதாவது சடங்குகள் கொண்ட ஒரு பழைய சகோதரத்துவச் சங்கத்தின் உறுப்பினர். அதன் கிளையைத்தான் லாட்ஜ் என்கிறோம். எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குப் போய்வருவது தெரிந்ததும் பெரியம்மா கேட்டது: "அங்க சாத்தானையா கும்பிடுறீங்க?" நீங்களும் உறுப்பினர் என்றால் உங்களையும் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். "அதெல்லாம் ரகசியம்" என்று மழுப்பவும் வேண்டாம், சந்தேகம் வளர்வதே அதனால்தான்.

முதலில் பட்டங்களை விளக்குங்கள். அதிகம் பயமுறுத்துபவை அவைதான். 'வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர்' யாரும் வணங்கும் ஆள் இல்லை. ஓராண்டு தலைமை தாங்க உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர். இங்கிலாந்தில் மேயர்களுக்கும் இதே அடைமொழி உண்டு. அப்புறம், உறுப்பினர்கள் ஏறும் நிலைகளில் பலரும் பயந்து பேசும் அந்த 33-ஆம் படி. அது ஸ்காட்டிஷ் ரைட் என்ற தனி அமைப்பினுடையது. அடிப்படை லாட்ஜில் மூன்றே படிகள். 33 பெற்றவருக்கு அங்கே கூடுதல் அதிகாரம் எதுவும் கிடையாது.

சாத்தான் கதைக்கு லியோ டாக்ஸிலைச் சொல்லுங்கள். மேசன்களைப் பற்றிப் பல ஆண்டுகள் பயங்கரக் கதைகள் எழுதிய பிரெஞ்சுக்காரர். 1897-இல் பாரிஸில் கூட்டம் கூட்டி, அவை இட்டுக்கட்டியவை என்று அவரே ஒப்புக்கொண்டார். கதைகள் மட்டும் இன்னும் உலவுகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சைகைகளையும் சடங்குகளையும் கேட்டால், "அதைச் சொல்ல மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உறுப்பினர் என்பதையோ கூடும் இடத்தையோ மறைக்க எந்த அவசியமும் இல்லை.