குறையை ஜாப் கார்டில் எழுத வையுங்கள்

வாரண்டி உள்ள காரை சர்வீஸுக்கு விடும்போது, குறையை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் குறைகளை எழுதும் தாளான ஜாப் கார்டில் அதை எழுத வைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தால் பிரயோஜனமில்லை. 'காலையில் வண்டி எடுத்ததும் செகண்ட் கியர் விழ மாட்டேன் என்கிறது' என்று இருக்க வேண்டும்.

வாரண்டி முடிந்தபின் அதே கோளாறு பெரிதானால், டீலர் முதலில் கேட்பது "முன்னாடியே சொன்னீங்களா?" என்றுதான். தேதியும் கிலோமீட்டரும் போட்ட ஜாப் கார்டு அதற்குப் பதில் சொல்லும். அப்படியும் மறுத்தால், வாரண்டி புத்தகத்தில் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று மெயிலில் கேளுங்கள். போனில் அடித்துப் பேசுகிறவர்கள் எழுத்தில் அவ்வளவு துணிய மாட்டார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரைச் சென்னையிலோ கோவையிலோ வாங்கியிருந்தாலும், குடியிருப்பது மதுரை என்றால் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பிரேக் பேட், வைப்பர் ரப்பர் போன்ற தேயும் சாமான்களுக்கு இது உதவாது. விபத்துச் சேதம் இன்சூரன்ஸ் கணக்கு. பீரியாடிக் சர்வீஸைத் தவறவிட்டிருந்தாலோ, வெளிக்கடையில் ஹாரன், லைட் மாட்ட வயரை வெட்டியதால் கோளாறு வந்திருந்தாலோ, ஜாப் கார்டு கையில் இருந்தும் உங்கள் பக்கம் பலவீனம்தான்.