டிராக் ரேஸ் கார் மாடல்: கோணல் எங்கே விழுகிறது

சாதாரண கார் மாடல் நாலைந்து செய்து கை பழகியவர்கள்கூட முதல் டிராக் ரேஸ் காரில் சறுக்குவார்கள். டிராக் ரேஸ் என்றால் நேரான, குறுகிய தூரத்தில் யார் முதலில் முடிக்கிறார் என்று ஓடும் பந்தயம். சாதாரண காரில் தவறை மறைக்க பாடி இருக்கிறது. உள்ளே இருக்கை கொஞ்சம் சாய்ந்திருந்தால் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? அந்தப் பந்தயத்துக்கென்றே கட்டிய டிராக்ஸ்டரில் அந்த வசதி கிடையாது. நீளமான குழாய்ச் சட்டம், அதில் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் என்ஜின், நான்கு சக்கரம். எல்லாமே வெளியே தெரியும்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, அந்த நீளத்தை லேசாக எடுத்துக்கொள்வது. டிராக்ஸ்டர்களில் மிக வேகமான வகையான இன்றைய டாப் ஃபியூயல் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 300 அங்குலம். 1/25 அளவில் அது 12 அங்குலம், அதாவது பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம். அத்தனை தூரத்துக்கும் தீக்குச்சியைவிட ஒல்லியான பிளாஸ்டிக் குழாய்கள். கிட்டில், அதாவது பாகம் பாகமாக வரும் மாடல் பெட்டியில், இந்தச் சட்டம் பெரும்பாலும் இடது, வலது என்று இரண்டு பாதிகளாக வரும். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டே ஒட்டினால் எங்கோ ஒரு முறுக்கு விழுந்துவிடும். அப்போது கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் மாட்டி மேசையில் வைத்த பிறகுதான் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் நிற்பது தெரியும். என் முதல் டிராக்ஸ்டர் இன்றும் மூன்று காலில்தான் நிற்கிறது.

மேசையை நம்பாதீர்கள், கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் நேர்கோடு போட்ட காகிதத்தை வைத்து, சட்டத்தைக் கோட்டின் மேல் டேப்பால் பிடித்து நிறுத்துங்கள். பசையை இணைப்பு முழுவதும் தடவாமல், முதலில் நாலைந்து இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். மறுநாள் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை ஒட்டலாம். பிளாஸ்டிக் பசை உண்மையில் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. மெல்லிய குழாயில் அதிகமாக ஊற்றினால் குழாயே இளகித் தொய்ந்துவிடும். பெட்டியிலிருந்து வரும்போதே சட்டம் வளைந்திருந்தால், சூடான தண்ணீரில் கொஞ்சம் காட்டி மெதுவாக நிமிர்த்தலாம். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும்.

பின் டயர்களை மாட்டி, காரைக் கண்ணாடிமேல் நிறுத்தி, நான்கும் தரையைத் தொடும்படி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே முன் அச்சை ஒட்டுவது நல்லது. சின்னச் சின்ன முறுக்கை எல்லாம் அங்கே சரிக்கட்டிவிடலாம். காஸர் வகைக் கார் (சாதாரணக் காரையே டிராக் பந்தயத்துக்கு மாற்றியது) செய்பவர்கள் வேறு ஒரு தவறு செய்வார்கள். மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறதே, நாம்தான் ஏதோ தப்பாக ஒட்டிவிட்டோம் போல என்று முன்பக்கத்தைத் தாழ்த்திவிடுவார்கள். அது அப்படித்தான் நிற்க வேண்டும். கிளம்பும்போது எடை பின் சக்கரங்களுக்குப் போக வேண்டும் என்பதற்காக, அந்தக் காரைக் கட்டியவர்களே முன்பக்கத்தை வேண்டுமென்று உயர்த்தினார்கள்.

அடுத்தது காலக் குழப்பம். ஒரு கிட்டின் என்ஜினை எடுத்து இன்னொன்றில் வைப்பது இந்தப் பொழுதுபோக்கின் பாதி சந்தோஷம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்து செய்ய வேண்டும். அறுபதுகளின் டிராக்ஸ்டர் வகையான ஸ்லிங்ஷாட்டில் ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால், என்ஜினை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1970 மார்ச்சில் அமெரிக்க டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் காரில் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் தள்ளிய காரோடு 1971-இல் திரும்பி வந்து அவர் ஜெயித்தார். சில ஆண்டுகளில் மற்றவர்களும் அந்தப் பக்கமே மாறிவிட்டார்கள். ஆகவே ஸ்லிங்ஷாட் ஒன்றின் பின்னால் இன்றைய உயரமான இறக்கையை நட்டால், விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் சிரித்துவிடுவார்.

ஒயரிலும் இதே கதைதான். இன்றைய டாப் ஃபியூயல் என்ஜினில் எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அதற்குப் பொறி மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டு. அப்படியென்றால் 16 ஒயர். பழைய காரில் ஒரு மேக்னெட்டோவும் எட்டு ஒயரும் போதும். எண்ணிக்கையைவிட அதிகம் தவறுவது தடிமனில்தான். நிஜ ஒயர் 8 மில்லிமீட்டர் என்றால் 1/25-இல் அது 0.3 மில்லிமீட்டர்தான் வரும். கையில் கிடைத்த மின்சார ஒயரைச் செருகினால் என்ஜின்மேல் தோட்டக் குழாய் ஓடுவதுபோல இருக்கும். இன்னொன்று: டாப் ஃபியூயல் போல நைட்ரோ (நைட்ரோமீத்தேன் எரிபொருள்) எரிக்கும் கார்களில் ரேடியேட்டர் கிடையாது. ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. ஆர்வக் கோளாறில் தண்ணீர்க் குழாய் சேர்க்காதீர்கள்.

குரோம் பாகங்கள் பெட்டியில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தைச் சுரண்டாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து சூப்பர்சார்ஜர் தனியாகக் கழன்று வரும். பாகத்தின் நடுவில் அச்சுக் கோடு ஓடினால் குரோமை முழுதாக எடுத்துவிடுவதே மேல். வீட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் பிளீச்சில் ஊறவைத்தால் போய்விடும். அப்புறம் தேய்த்து, அலுமினிய நிறம் அடிக்கலாம். நிஜக் காரிலும் இவ்வளவு பளபளப்பு இருக்காது.

பெயின்ட் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள், பிரைமர் அடியுங்கள், எனாமல் மேல் லாக்கர் அடிக்காதீர்கள், சுருங்கிப்போகும். சிவப்பு பிளாஸ்டிக்மேல் வெள்ளை அடித்தால் சில நாளில் இளஞ்சிவப்பு கசியும். நடுவில் ஒரு கோட் வெள்ளி நிறம் அடித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

ஃபன்னி கார் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணக் காரின் தோற்றத்தில் பாடி மாட்டிய டிராக் கார் அது. அதன் பாடி ஒரே ஓடு, பின்பக்கம் கீல், முன்னாலிருந்து தூக்கினால் மேலே திறக்கும். பாடியைப் பளபளவென்று முடித்து, சட்டத்தைத் தனியாக முடித்து, கடைசியில் இரண்டையும் சேர்ப்பவர்கள் அதிகம். அப்போதுதான் பாடி மூடாது. என்ஜின்மேல் நிற்கும் இஞ்செக்டர் முட்டும், இல்லையென்றால் பின் டயர் சக்கரவளைவில் உரசும். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே சட்டம், என்ஜின், டயர், பாடி எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டி ஒருமுறை மூடிப் பாருங்கள். எனக்கு இது சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்துவிடுவேன்.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்களை மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போலத் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிட்டு ஒட்டுங்கள். பழைய கிட் என்றால், வேண்டாத ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். அது நொறுங்கினால், மீதி எல்லாவற்றின்மேலும் ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். சின்னக் கண்ணாடி பாகங்களுக்கு சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும்.

டயரை அப்படியே மாட்டுவதும் தவறுதான். பின் டயரில் கோடு, பள்ளம் எதுவும் இருக்காது, வழவழப்பான ரப்பர். ஆனால் கிட்டில் வருவது மினுமினுக்கும், நடுவில் அச்சுக் கோடும் இருக்கும். தரையைத் தொடும் பகுதியை உப்புத்தாளால் தேய்த்தால் பர்ன்அவுட் (ஓட்டத்துக்கு முன் டயரைச் சுழலவிட்டுச் சூடாக்குவது) முடித்து வந்த டயர் மாதிரி ஆகிவிடும். மென்மையான வினைல் டயர்கள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை மெல்ல அரித்துவிடும். கிட்டைப் பெட்டியில் வைத்திருக்கும்போது டயர்களைத் தனிப் பையில் போடுங்கள்.

முடித்த காரைத் தூக்குவதில்தான் பலர் உடைக்கிறார்கள். நடுவில் பிடிக்காதீர்கள், இறக்கையைத் தொடவே வேண்டாம். எடை முழுக்க என்ஜின் பக்கம் இருப்பதால் பின் சக்கரங்களை ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள், முன்பக்கத்துக்கு இன்னொரு கையின் விரலைக் கீழே கொடுங்கள். என் இரண்டாவது டிராக்ஸ்டரை ஒரு மரப்பலகையில் பின் சக்கரங்களோடு சேர்த்துத் திருகி வைத்திருக்கிறேன். இடம் மாற்ற வேண்டுமென்றால் பலகையைத்தான் தூக்குவேன்.