கை வேலை மட்டும் பாடமாகிவிடாது: செயல்திட்ட வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் கண்காட்சி என்றாலே எரிமலை மாடல் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றியதும் நுரை பொங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். அங்கே நடப்பது அமிலத்துக்கும் பைகார்பனேட்டுக்கும் இடையிலான வினை. உண்மையான எரிமலையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயு, அழுத்தம் குறையும்போது பிரிந்து வெளியேறுவதால்தான் அது வெடிக்கிறது. அந்த மாடலைச் செய்த மாணவர் பெயின்ட் அடிக்கக் கற்றிருப்பார். எரிமலையைப் பற்றி ஏதாவது கற்றாரா என்பது சந்தேகம்தான்.

செயல்திட்டங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: முடிவில் கிடைக்கும் பொருள் எப்படி இருக்கும் என்று பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது. அனுபவத்தின் வழியாகக் கற்கிறோம் என்பதற்காக எல்லா அனுபவமும் ஒரே அளவில் கற்பித்துவிடாது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938-லேயே எழுதினார். செயல்வழிக் கல்விக்கு ஆதாரமாக இன்றும் நாம் காட்டுவது அவரைத்தான். ஒரு தலைப்பை எடுக்கும்முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: பாடம் தெரியாமல் எடுக்கவே முடியாத முடிவு ஏதாவது இதில் மாணவருக்கு இருக்கிறதா? இல்லையென்றால் அது கைவினைதான்.

எடுத்துக்காட்டாகத் தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். ‘ஊசல் மாடல் செய்து வா’ என்றால் ஒரு நூலும் ஒரு குண்டும் வரும், அவ்வளவுதான். ‘ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை முடிந்தவரை துல்லியமாகக் கண்டுபிடி’ என்று சொல்லிப் பாருங்கள். 1 மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 விநாடி ஆகும். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் 0.2 விநாடி தவறினாலே 10 சதவீதப் பிழை. முடுக்கத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் 9.8 மீ/வி² வர வேண்டிய இடத்தில் 8-ம் வரலாம், 12-ம் வரலாம். குழுவுக்குக் குழு விடை மாறும்போதுதான் வகுப்பில் நிஜமான சண்டை ஆரம்பிக்கும். யாராவது ஒருவர், தொடர்ந்து 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து 20-ஆல் வகுக்கலாமே என்பார். பிழை அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் அடுத்தடுத்த கேள்விகள் வரும். நீளத்தைக் குண்டின் மேல்முனை வரை அளப்பதா, மையம் வரையா? எவ்வளவு தூரம் இழுத்து விடலாம்? (செங்குத்திலிருந்து 60 டிகிரிக்கு இழுத்து விட்டால் அலைவு நேரம் 7 சதவீதம் கூடிவிடும்.)

இந்த இடத்தில் ஆசிரியர் செய்யும் தவறு, ‘20 அலைவுகளை எண்ணவும்’ என்று முதல் நாளே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் யோசிக்க வேண்டிய வேலையை நாமே முடித்துவிடுகிறோம்.

இதற்கு நேர்எதிரான தவறும் இருக்கிறது. ‘அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும்’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரை இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடியது. ஒரு துறைக்குப் புதியவர் வழிகாட்டல் இல்லாமல் தேடும்போது, ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளும் அவருடைய தற்காலிக நினைவு முழுவதும் தேடலிலேயே செலவாகிவிடுகிறது, கற்பதற்கு மிச்சம் இருப்பதில்லை என்பது அவர்கள் வாதம். செயல்திட்டக் கல்வியை ஆதரிக்கும் பலருக்கு இந்தக் கட்டுரை கசக்கிறது. எனக்கு அது சரியான எச்சரிக்கையாகவே படுகிறது. வரைபடம் வரையத் தெரியாதவரிடம் சாய்விலிருந்து முடுக்கத்தைக் கண்டுபிடி என்றால் எப்படி? செயல்திட்டத்தின் நடுவே, தேவை எழுந்த அன்றைக்கே, பதினைந்து நிமிடம் கரும்பலகையில் பாடம் நடத்துவதில் எந்தக் கொள்கையும் கெட்டுவிடாது.

பாடமெல்லாம் முடிந்து தேர்வும் முடிந்தபின் பொழுதுபோகக் கொடுக்கும் செயல்திட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் புதிதாகக் கற்க எதுவும் மிச்சமிருக்காது.

குழு விஷயம் அப்படியல்ல. கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மன் 1913-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எட்டுப் பேர் குழுவில் மூன்று பேர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது செய்தியே இல்லை. ஆனால் எல்லோரும் வேலை செய்யும் குழுவிலும் ஒரு சிக்கல் உண்டு. கையெழுத்து நன்றாக இருப்பவர் அறிக்கை எழுதுவார், படம் வரையத் தெரிந்தவர் வரைவார், கணக்கு வருபவர் கணக்குப் போடுவார். ஆளாளுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். குழுவில் மூன்று அல்லது நான்கு பேர் போதும். அளவுகளைச் சேர்ந்து எடுக்கட்டும், கணக்கீட்டையும் விளக்கத்தையும் அவரவர் நோட்டில் தனித்தனியாக எழுதட்டும்.

மதிப்பெண்ணிலும் இதே கதைதான். அட்டையின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் வீட்டில் யாரோ இரவு கண்விழித்து அழகாகச் செய்து கொடுப்பார்கள். வேலையை வகுப்பிலேயே நடத்தி, ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி வாய்மொழியாகக் கேட்டாலே நிலவரம் தெரிந்துவிடும். ‘நூலின் நீளத்தை நான்கில் ஒன்றாக்கினால் அலைவு நேரம் என்ன ஆகும்?’ பாதியாகும் என்று சொல்லி ஏன் என்றும் விளக்குபவர் கற்றிருக்கிறார்.

நேரம் போதாதபோது எல்லோரும் முதலில் வெட்டுவது இரண்டாவது முயற்சியை. அதைத்தான் வெட்டக் கூடாது. காகிதத்தில் பாலம் கட்டும் செயல்திட்டம் என்றால், முதல் பாலம் உடைய வேண்டும், எந்த இணைப்பில் உடைந்தது என்று பார்த்து மறுபடி கட்ட வேண்டும். நேரம் இல்லையென்றால் பாலத்தைச் சிறிதாக்குங்கள்.

எல்லாப் பாடத்தையும் செயல்திட்டமாக்கும் ஆசையும் வேண்டாம். வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யப் பழக உட்கார்ந்து நிறையப் போட்டுப் பார்ப்பதுதான் குறுக்குவழி. ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு இரண்டு செயல்திட்டங்களை இரண்டு சுற்று முயற்சியோடு நடத்த முடிந்தால் அதுவே தாராளம் என்பது என் கணக்கு.