எல்லா இடத்திலும் ஆடுகிற ஆட்டக்காரரை எங்கே நிறுத்துவது? படிப்படியாக ஒரு வழி

கால்பந்தில் ஜெர்மனி ஆட்டம் இருந்தால் ராமேஸ்வரம் பக்கத்தில் எங்கள் தங்கச்சிமடம் டீக்கடையில் ஒரு சண்டை உறுதி. ஜெர்மனியின் கிம்மிச் ரைட் பேக்கா (பின்னால் வலது ஓரத்தில் நின்று தடுக்கிறவரா), நடுவில் ஆடுகிற ஆளா? இரண்டு கட்சியும் சத்தம் போடும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் "பார்த்தாலே தெரியுதுல்ல" என்பதுதான் பதில். எங்கள் ஊர் டீமுக்கு ஆள் பிரித்து நிறுத்துகிற வேலை என் தலையில் விழுந்த பிறகு இந்தக் கேள்விக்கு ஒரு முறை தேவைப்பட்டது, அது பிடிபட்டதும் தேசிய அணிகளுக்கும் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்டாப்பர் என்றால் பின்னால் நடுவில் நின்று தடுக்கிறவர், விங் என்றால் முன்னால் ஓரத்தில் ஆடுகிறவர், இந்த அளவுக்கு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை: கோடு போடாத ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, அந்த ஆட்டக்காரர் ஆடிய மூன்று முழு ஆட்டங்கள். ஹைலைட்ஸ் வேண்டவே வேண்டாம். ஹைலைட்ஸில் எல்லா ஆட்டக்காரரும் மெஸ்ஸி மாதிரிதான் தெரிவார்கள்.

படி 1: இதுவரை எங்கே ஆடினார்?

டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்துக்குப் போனால் ஒருவர் எந்த இடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று கிடைக்கும். நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள், கிளப் ஒரு பக்கம், தேசிய அணி ஒரு பக்கம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். கிளப்பில் தினமும் பயிற்சி இருக்கிறது, புது இடத்தைப் பொறுமையாகச் சொல்லித் தரலாம். தேசிய அணியில் ஆட்டத்துக்கு முன்னால் கிடைப்பது சில நாள், அதிலும் ஒரு நாள் பயணக் களைப்பில் போய்விடும்.

முதலிலிருந்து ஆடியதை நீலத்தில் எழுதுங்கள், கடைசி இருபது நிமிஷம் இறங்கியதைச் சிவப்பில் எழுதுங்கள். சிவப்பை நம்ப வேண்டாம். இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும்போது யாரை எங்கே நிறுத்தினாலும் நன்றாகத்தான் ஆடுவார்.

படி 2: இடத்தின் பெயரை அடித்துவிட்டு வேலையை எழுதுங்கள்

"மிட்ஃபீல்டர்" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. பந்து வரும்போது அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது, எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான், பந்தைத் தொட்டு அனுப்ப எவ்வளவு நேரம் கிடைக்கிறது, இதை எழுதுங்கள். ஓரத்தில் ஆடுகிறவருக்கு ஒரு பக்கம் கோடு இருக்கிறது, அந்தப் பக்கமிருந்து யாரும் வர முடியாது. நடுவில் நான்கு பக்கமும் ஆள் வரும், முதுகுக்குப் பின்னாலும் ஒரு கண் வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்து ரைட் பேக் அலெக்சாண்டர்-அர்னால்ட். நீளமாக, துல்லியமாக பாஸ் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. அப்படியானால் நடுவில் போட வேண்டியதுதானே என்று 2024 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) இங்கிலாந்து கோச் சவுத்கேட் செர்பியாவுக்கும் டென்மார்க்குக்கும் எதிராக அவரை நடுவில் இறக்கினார். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு மணி நேரம் ஆவதற்குள் வெளியே எடுத்தார், அதன் பிறகு அந்தத் தொடரில் முதல் பதினொன்றில் அவர் இல்லை. லிவர்பூல் கிளப்பிலும் அவர் பின்னாளில் நடுவுக்கு வந்து ஆடியிருக்கிறாரே என்பீர்கள். வந்தார், ரைட் பேக் இடத்திலிருந்து உள்ளே நடந்து வந்தார், பந்து வரும்போது மைதானம் முழுக்க அவர் கண் முன்னால் இருந்தது. நடுவிலேயே நின்று, கோலுக்கு முதுகு காட்டி, ஒருவன் தோளில் இடிக்கும்போது பந்து வாங்குவது வேறு வேலை. அதே ஆள்தான் ஸ்விட்சர்லாந்து ஆட்டத்தில் மாற்று ஆளாக வந்து கடைசி பெனால்டியை அடித்து ஜெயிக்க வைத்தார். திறமையில் குறையே இல்லை, வேலை மாறிவிட்டது.

இந்தப் படிக்குக் கருவி என்று கேட்டால், ஹீட் மேப் எனக்குப் பிடிக்காது. பத்துக்கு 7.4 என்று ஆப் தரும் மதிப்பெண்ணும் பிடிக்காது. ஹீட் மேப் எங்கே தொட்டார் என்று மட்டும் சொல்லும், தொடாமல் நின்று எதை அடைத்தார் என்று சொல்லாது. ஒரு பாதியில் பத்து நிமிஷம் பந்தையே பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் பாதி நேரம் ஆள் காணாமல் போவார், இருந்தாலும் எந்த ஆப்பையும் விட இது மேல். உள்ளூர் ஆட்டம் என்றால் மணலில் நின்று பார்க்காதீர்கள், எதன் மேலாவது ஏறி நில்லுங்கள், கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளம் போதும்.

படி 3: அவருக்கு அடுத்த ஆள் யார்?

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான், மற்றதைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. டீக்கடைச் சண்டை முழுக்க "அவர் எங்கே நன்றாக ஆடுவார்?" என்று போகிறது. கோச் கேட்க வேண்டிய கேள்வி "அவர் எங்கே ஆடினால் பதினொரு பேரும் சேர்ந்து நன்றாக ஆடுவார்கள்?" இரண்டுக்கும் பதில் பல சமயம் ஒன்றாக இருக்காது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் சும்மா வைத்துக்கொண்டது. உங்கள் ஆள் நடுவில் பத்துக்கு 9, ரைட் பேக்கில் 8. அவர் இல்லாவிட்டால் நடுவில் வரக்கூடிய அடுத்த ஆள் 8, ரைட் பேக்கில் வரக்கூடிய அடுத்த ஆள் 5. அவரை நடுவில் நிறுத்தினால் 9, கூட ரைட் பேக்கில் 5, மொத்தம் 14. ரைட் பேக்கில் நிறுத்தினால் 8, நடுவில் இன்னொரு 8, மொத்தம் 16. அவர் நடுவில்தான் மேல், ஆனாலும் டீமுக்கு அவர் ரைட் பேக். நோட்டில் இதற்காக இரண்டு பதினொன்று எழுதுங்கள். அவர் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் கணக்குத் தப்பும், ஏனென்றால் ஒருவர் நகர்ந்தால் மூன்று பேர் நகர்வார்கள்.

அதை 2014 உலகக் கோப்பை ஜெர்மனியை வைத்துப் பார்க்கலாம். 2013-ல் பயர்ன் மியூனிக் கிளப்புக்கு கோச்சாக வந்த கார்டியோலா, ஜெர்மனி கேப்டன் ஃபிலிப் லாமை பேக்கிலிருந்து நடுவுக்கு மாற்றியிருந்தார், அங்கே அவர் பிரமாதம். ஜெர்மனிக்கு வழக்கமாக நடுவில் ஆடும் கெடிராவும் ஷ்வைன்ஸ்டைகரும் காயத்திலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்த நேரம், அதனால் தேசிய கோச் லோவும் லாமை நடுவிலேயே தொடங்க வைத்தார். அதற்கு விலை என்ன? ரைட் பேக்கில் போவாட்டெங், அவர் அடிப்படையில் ஸ்டாப்பர். லெஃப்ட் பேக்கில் ஹோவெடெஸ், அவரும் ஸ்டாப்பர். ஆக பின்னால் நான்கு ஸ்டாப்பர்கள், ஓரத்தில் ஏறிப் போக ஆள் இல்லை. கானாவோடு 2-2. அடுத்த சுற்றில் அல்ஜீரியா, நம் ஊரில் நள்ளிரவு ஒன்றரைக்குத் தொடங்கிய ஆட்டம், ஸ்டாப்பர் ஹும்மெல்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் போவாட்டெங் அவர் இடத்துக்குப் போனார், ரைட் பேக்கில் முஸ்தாஃபி. 70-வது நிமிஷம் அவருக்கு அடிபட்டது. கெடிரா உள்ளே வந்தார், லாம் ரைட் பேக்குக்குப் போனார். கூடுதல் நேரத்தில் 2-1.

கால் இறுதியில் பிரான்ஸுக்கு எதிராக லோவ் அதையே முதலிலிருந்து வைத்தார். லாம் ரைட் பேக், போவாட்டெங் தன் சொந்த இடமான ஸ்டாப்பருக்கு, ஹும்மெல்ஸ் பக்கத்தில், இன்னொரு ஸ்டாப்பர் மெர்டசாக்கர் வெளியே, நடுவில் கெடிராவும் ஷ்வைன்ஸ்டைகரும். ஒரு ஆள் நகர்ந்ததில் எத்தனை இடம் சரியானது என்று எண்ணிப் பாருங்கள். 1-0. அடுத்து பிரேசில், 7-1.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இறுதி ஆட்டம்தான். ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப்பில் கெடிராவுக்குக் காலில் பிரச்சினை, க்ராமர் வந்தார். க்ராமருக்குத் தலையில் அடி, 31-வது நிமிஷம் வெளியே. நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது, உலகத்தின் சிறந்த நடு ஆட்டக்காரர்களில் ஒருவர் பத்து கஜம் தள்ளி ரைட் பேக்கில் நிற்கிறார். வேறு யாராக இருந்தாலும் லாமை உள்ளே இழுத்திருப்பார்கள். லோவ் முன்னால் ஆடும் ஷுர்லேவை இறக்கி முன்னாலிருந்தவர்களை மாற்றிக்கொண்டாரே தவிர லாமை அசைக்கவில்லை. லாமை எடுத்தால் ரைட் பேக்கில் வருகிற ஓட்டை இன்னும் பெரிது. 113-வது நிமிஷம் கோட்ஸே அடித்தார், கோப்பை வந்தது.

எங்கள் கரையில் இந்தப் படியை யாருக்கும் விளக்கவே தேவையில்லை. எங்கள் டீமில் ஒரு தம்பி இருக்கிறான், கீப்பர் தவிர எங்கே விட்டாலும் ஆடுவான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆள் எல்லாம் மைதானத்தில். அப்போது அவன் ஃபார்வேர்டு. தடை முடிந்து படகு இறங்கியதும் எங்கள் ஸ்டாப்பர் இரண்டு பேரும் கடலுக்குப் போய்விடுவார்கள், அன்றிலிருந்து அவன் ஸ்டாப்பர். "என்னண்ணே, என் இடம்தான் எது?" என்று கேட்பான். இன்றைக்கு யார் கடலுக்குப் போகவில்லை என்று பார்த்துச் சொல்கிறேன்டா என்பேன்.

இந்திய அணியிலும் இதே கதைதான். ராகுல் பேக்கே ரைட் பேக்கும் ஆடுவார், ஸ்டாப்பரும் ஆடுவார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு ஸ்டாப்பர் அன்வர் அலி காயத்தால் வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இன்னொரு ஸ்டாப்பர் ஜிங்கன் பக்கத்தில் பேக்கே ஸ்டாப்பராக நின்றார், ரைட் பேக்கில் நிகில் பூஜாரி, அவர் விங்காகத் தொடங்கியவர். 0-2 தோல்விதான், ஆனால் அந்த அணியைத் திட்டுகிறவர்கள் அன்று இருந்த பெயர்களை வைத்து இரண்டு பதினொன்று எழுதிப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

படி 4: எதிரணி

சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரணி பின்னாலேயே பதுங்கி ஆடுமென்றால் உங்கள் ஆளைப் பந்து அதிகம் கிடைக்கிற இடத்தில் வையுங்கள். அவர்களிடம் வேகமான விங் இருந்தால் அந்தப் பக்கத்துக்கு எது பாதுகாப்போ அது. இதை வைத்துப் படி 3-ன் விடையை மாற்றுவதென்றால் இரண்டும் நெருக்கமாக இருக்கும்போது மட்டும் மாற்றுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாற்றினால் அந்த ஆளும் குழம்புவார், பக்கத்தில் நிற்கிறவர்களும் குழம்புவார்கள்.

படி 5: இரண்டாவது இடத்தையும் எழுதி வையுங்கள்

2022 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸ் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது 71-வது நிமிஷம் கமவிங்கா இறங்கினார், லெஃப்ட் பேக்காக. அவர் நடுவில் ஆடுகிறவர். அப்படி ஒரு ஆள் பெஞ்சில் இருந்தால் இரண்டு ஆளுக்குச் சமம். ஆனால் இரண்டு இடத்தோடு நிறுத்துங்கள், நான்கு இடம் எழுதினீர்கள் என்றால் முடிவே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, கிம்மிச்? 2024 மார்ச்சில் நடுவில் ஆடும் க்ரூஸ் ஜெர்மனி தேசிய அணிக்குத் திரும்பி வந்தார், பக்கத்தில் ஆண்ட்ரிச். நடு நிறைந்தது, ரைட் பேக் காலி. கோச் நாகல்ஸ்மன் கிம்மிச்சை ரைட் பேக்கில் வைத்தது கணக்குப்படி சரி. யூரோ முடிந்து க்ரூஸ் ஓய்வு பெற்றதும் நடுவில் இருந்த ஒரு பெயர் இல்லாமல் போனது, அன்றைக்கே அந்தக் கணக்கு காலாவதி. ஆக டீக்கடையில் இரண்டு கட்சியும் வெவ்வேறு வருஷத்தில் சரி.

பின்சேர்க்கை 1: வலது கால் ஆளை இடது பக்கம் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போடலாம், அவர் கோட்டை ஒட்டிப் போய் கிராஸ் போட வேண்டும் என்று எதிர்பார்க்காத வரைக்கும். லாம் வலது கால்காரர். 2006 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக லெஃப்ட் பேக்கிலிருந்து உள்ளே வெட்டி வந்து வலது காலால் தூக்கி அடித்ததுதான் அந்தத் தொடரின் முதல் கோல். படி 2-ல் "எந்தக் காலால் முதல் தொடு" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: பின்னால் மூன்று பேர் நிற்கிற அமைப்பில் என்ன செய்வது என்று ஒரு கீழக்கரைத் தம்பி கேட்டிருந்தார், நல்ல கேள்வி. அப்போது பேக், விங் இரண்டையும் அடித்துவிட்டு "விங் பேக்" (ஓரம் முழுக்க ஏறி இறங்கி இரண்டு வேலையும் பார்க்கிறவர்) என்று புதிதாக ஒரு வரி எழுதி, படி 2-லிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். நம்மவர் மைக்கேல் சூசைராஜ் விங்காகப் பெயர் எடுத்தவர், 2019-20 இந்தியன் சூப்பர் லீக்கை (ஐ.எஸ்.எல்) கொல்கத்தாவின் ஏ.டி.கே கிளப் ஜெயித்தபோது இடது விங் பேக்காக ஆடினார். 2021-ல் நடந்த யூரோவில் ஜெர்மனி போர்ச்சுகலை 4-2 என்று அடித்த ஆட்டத்தில் கிம்மிச் வலது விங் பேக், நடுவில் க்ரூஸும் குண்டோகனும். யார் யார் நடுவில் இருந்தார்கள் என்று பார்த்தீர்களா? படி 3-க்குப் போய் அந்த இரண்டு பெயரையும் அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.